உங்கள் மகளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் மகள், குழந்தைகள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் விவரிக்கத் தெம்பில்லை. அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வெளிநாடு போகத்தான் வேண்டுமா என்று அன்றே கேட்டீர்கள். "எல்லாம் பழகிடும் மாமா" என்று பெரிய மனிதன் மாதிரி சொன்னேன். ஐந்து மாதமாகிறது. உங்கள் மகள் காலை ஆறரைக்கே ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிவிடுகிறாள். பதினான்கு வருடம் கிளை மேலாளராக இருந்த நான் சாக்ஸுக்கு ஜோடி தேடிக்கொண்டிருக்கிறேன். வாஷிங் மெஷினில் எட்டுப் பொத்தான். எதை அமுக்கினாலும் இரண்டு மணி நேரம் கதவு திறக்காது. போன திங்கட்கிழமை சின்னவனின் பள்ளிச் சீருடையோடு வீட்டுச் சாவியும் உள்ளே போய்விட, வீட்டைப் பூட்ட வழியில்லாமல், அது சுற்றுவதைக் கண்ணாடி வழியாக மூன்று பேரும் வேடிக்கை பார்த்தோம். வெங்காயம் வதக்கினால் கூரையிலிருக்கும் புகை மணி அலறுகிறது. அதை அடக்க நான் நாற்காலி மேல் ஏறித் துண்டை வீச, நாற்காலி இழுபடும் சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் கட்டையால் எங்கள் தரையை இடிக்க, சின்னவன் அதற்குத் தாளம் பிடித்து ஆட, அவர் இன்னும் ஓங்கி இடிக்க, என் சமையல் தினமும் இப்படித்தான் முடிகிறது.

இதெல்லாம் என் பாடு, போகட்டும். பெரியவள் விஷயம்தான் தாங்கவில்லை. வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். மொழிபெயர்க்கும் செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். "உங்கள் மகள் மூடிய கடை" என்றது அது. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். வீட்டில் வாய் ஓயாத பெண், மாமா! திரும்பி வரும் வழியில் ஏன் என்று கேட்டேன்.

"தப்பாப் பேசினா சிரிப்பாங்கப்பா. அதான் மனசுக்குள்ளயே பேசிக்கிறேன்."

எட்டு வயது.

போதும் மாமா, ஊருக்கே வந்துவிடுகிறோம். நான் சொன்னால் உங்கள் மகள், "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே" என்கிறாள். சொல்லிவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிறாள். தூங்குகிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்க சொன்னா கேப்பா.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பதால், அவர்கள் உங்கள் இருவர் காலிலும் விழுந்ததாக எடுத்துக்கொண்டு ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
களைத்துப்போன மருமகன்

பி.கு.: மாமா, மேலே கேட்டதைத் தயவுசெய்து செய்துவிட வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. மறுபடி வெங்காயம், மணி, நாற்காலி. இந்த முறை கீழ்வீட்டுக்காரர் நேரிலேயே வந்து வாசலில் நின்று கத்தினார். நான் கைகட்டி நின்றேன். பெரியவள் என்னை நகர்த்திவிட்டு முன்னால் போனாள். இந்த ஊர் பாஷையில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் ஐந்து நிமிடம்! அச்சு அசல் உங்கள் மகள். மனிதர் என்னைப் பாவமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

"என்னம்மா சொன்னே?" என்று கேட்டேன்.

"எங்கப்பா ஊருக்குப் புதுசு, இன்னும் ஒண்ணும் பழகல, நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்னு சொன்னேன்."