மெய்நிகர் நினைவகத்தில் பதினாறு போட்ட கதை

ஸ்காருவோய் தீவு,
மார்ச் 9

அன்புள்ள தங்கை தோருனுக்கு,

அண்ணன் ஆர்ன்ஃபின் எழுதுவது. முழங்காலைத் தவிர இங்கு எல்லோரும் நலம். நீயும் எய்விண்டும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ பின்னி அனுப்பிய காலுறைகள் வந்தன. அவற்றில் ஒன்று மிகச் சரியாக இருக்கிறது.

கரைக்குப் போய்வரும் குளிர்காலப் படகை நிறுத்துவதா என்று முடிவுசெய்ய மாவட்டக் குழு வியாழக்கிழமை இங்கே வரவிருந்தது. படகில் முப்பத்தொரு வருடம் கயிறு பிடித்தவன் என்று ஊர்க்கூட்டம் என்னைப் பேசச் சொன்னது. எனக்குப் பேச வராது. ஆகவே குளிர்காலம் முழுக்கப் படகில் போனவர்களைப் படமெடுத்தேன்: மருத்துவச்சி, பள்ளிப் பிள்ளைகள், வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் ஹால்டோர், ஒரு சவப்பெட்டி, கடுங்கோபத்தில் ஒரு செம்மறிக்கடா. நானூறு படங்களையும் ஒரே காட்சியாகக் கோத்துச் செவ்வாயன்று ஓட்டிப் பார்த்தால், பதினோராவது படத்தில் 'நினைவகம் போதவில்லை' என்று கணினி படுத்துவிட்டது.

தேடிப் படித்தேன். கோப்புகளைச் சேமிக்கும் வட்டில் கொஞ்சம் இடத்தை நினைவகம்போலப் பயன்படுத்தக் கணினிக்கு அனுமதி கொடுக்கலாமாம். அதற்கு மெய்நிகர் நினைவகம் என்று பெயர். மேசை நிறைந்தால் காகிதங்களைத் தரையில் பரப்புவோமே, அதுதான். 'மேம்பட்ட அமைப்பு', அதற்குள் இன்னொரு 'மேம்பட்ட' என்று கப்பலின் அடித்தட்டுக்கு இறங்குவதுபோல இறங்கி, பதினாறு என்று போட்டு, கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அமுக்கினேன். பதினாறு ஜிகாபைட் தாராளம் என்று எண்ணம். அணைத்து மறுபடி போட்டால், அது எழுந்து வருவதற்குள் நான் உருளைக்கிழங்கு வேகவைத்து, தோலுரித்து, தின்றும் முடித்துவிட்டேன். பயந்துபோய் எண்ணை மாற்றி, 'சரி'யை மட்டும் அமுக்கினேன். மாற்றியது எதுவும் பதியவேயில்லை.

தீவில் இதெல்லாம் தெரிந்தவள் பக்கத்து வீட்டு ஓஷில்ட் ஒருத்திதான். மீன் தொழிற்சாலைக் கணினிகளை இருபது வருடம் மேய்த்தவள். அவள் என்னோடு பேசாத காரணம் உனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் அவள் கையசைத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடிவர, இரண்டு நிமிடத் தாமதம் என்று நான் படகின் ஏறுபாலத்தைத் தூக்கிவிட்டேன். அக்காள் மகள் கல்யாணம் அவளுக்குத் தவறிப்போனது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கதவைத் தட்டினேன்.

"யாரு, கேப்டனா?" என்றாள். நான் கேப்டனாக இருந்ததே இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

"ஓஷில்ட், என் கம்ப்யூட்டரு..."

"காபி குடிச்சிட்டிருக்கேன். முடிச்சிட்டு வர்றேன், நில்லுங்க. எனக்காக நீங்க நின்னதா சரித்திரமே இல்ல. இன்னிக்காவது நில்லுங்க."

ஆலங்கட்டி மழையில் நின்றேன். அவள் இரண்டாவது கோப்பையும் ஊற்றியது ஜன்னல் வழியே தெரிந்தது.

வந்து திரையைப் பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பதினாறா? அட மனுஷா, இங்க மெகாபைட் கணக்கு! திமிங்கிலத்துக்கு ஒரே ஒரு நெத்திலியப் போட்டிருக்கீங்க. பதினாறாயிரம் போடுங்க. போட்டுட்டு 'அமை'ன்னு இருக்கே, அத அமுக்கணும். வெறும் 'சரி'ய அமுக்கினா பதியாது."

அமுக்கினேன். பிறகு எப்படியோ வாயிலிருந்து வந்தது. "அன்னிக்கு நான் நின்னிருக்கணும், ஓஷில்ட்."

"ஆமா, நின்னிருக்கணும்." அவள் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஒரு படத்தை நிறுத்தி, "இந்தக் கடா யாரோடது?" என்றாள்.

நான் அடுப்படிக்குப் போய் வாஃபிள் சுட்டுக்கொண்டு வந்தேன். காட்சி நானூறாவது படம்வரை தடங்கலில்லாமல் ஓடியது!

வியாழனன்று பள்ளிக்கூட மண்டபத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்த குழுத்தலைவி, ஹால்டோர் படம் வந்ததும் நிமிர்ந்தார். "வாரத்துக்கு மூணு தடவையா? பனியிலயுமா?"

"சிறுநீரகத்துக்கு லீவு கிடையாதுங்க" என்று பின்வரிசையிலிருந்து ஹால்டோரே பதில் சொன்னார்.

இன்னும் இரண்டு குளிர்காலத்துக்குப் படகு உண்டு, தோருன்! ஞாயிறன்று அக்காள் மகள் வீட்டுக்குப் போகையில் என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறாள் ஓஷில்ட். புதுச் சட்டை வாங்கியிருக்கிறேன். உன் கணினியும் மெதுவாக இருப்பதாகச் சொன்னாயே, நான் சொன்னபடி செய், பறக்கும்.

எய்விண்டுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் அடுப்பும் மனசும் அணையாமல் இருக்கட்டும்.

உன் அண்ணன்,
ஆர்ன்ஃபின்

பி.கு.: தோருன், இதை எழுதுவது ஓஷில்ட். தபாலில் சேர்க்கச் சொல்லி உறையை ஒட்டாமல் கொடுத்தார், படித்துவிட்டேன். அந்த மெய்நிகர் நினைவகத்தால் எதுவும் ஓடவில்லை. உங்கள் அண்ணன் வட்டில் அவ்வளவு இடமே கிடையாது. ஒவ்வொரு படத்தையும் சுவரொட்டி அளவில் வைத்திருந்தார். அவர் வாஃபிள் சுட்ட நேரத்தில் நானூறையும் சுருக்கிவிட்டு, அமைப்பைப் பழையபடி மாற்றிவிட்டேன். உங்கள் கணினியில் தயவுசெய்து எதையும் தொடாதீர்கள். அவரிடம் இதைச் சொல்லவும் வேண்டாம். இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறோம்.