சகலையின் விரல்களும் என் ரப்பர் ஸ்டாம்பும்

அடுத்தவர் வீட்டைப் பார்த்தும் காரைப் பார்த்தும் பொறாமைப்படுகிறவர்களை உலகம் மன்னித்துவிடும். நான் பொறாமைப்பட்டது என் சகலை முனிரத்தினத்தின் விரல்களைப் பார்த்து. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வேர்க்கடலையை ஒரே அழுத்தில் உடைப்பார். பேசிக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போடுவார். என் நுனி மூட்டுகளிலோ விரலுக்கொரு கடலை முளைத்திருந்தது. மூட்டுத் தேய்மானம்.

மகளுக்கு வேலை கிடைக்க வேண்டி, அவர் அலிபிரியிலிருந்து திருமலை வரை ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து ஏறினார். வேலை கிடைத்தது. அன்றிலிருந்து சித்தூரில் என் வீட்டில் சாப்பாட்டோடு அவர் புகழும் பரிமாறப்பட்டது.

"அவரு அத்தினி படிக்கும் குனிஞ்சி குனிஞ்சி வெச்சிக்கினு போனாரு. நீங்க பட்டன் போடவே என்னக் கூப்புட்றீங்க" என்றாள் மனைவி.

ஒரு முறையாவது அவள் வாயால் நான் புகழப்பட வேண்டும். அதே வேண்டுதலை நானும் அறிவித்தேன். (விரல் வலி தீரத்தான். விரலை ஒடித்து விரலுக்கு வேண்டுதல்!)

திருப்பதியில் பிசியோதெரபி செய்யும் பெண் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "அங்கிள், கிள்ற மாதிரி எதையும் புடிக்காதீங்க. துணி பிழியாதீங்க. கைப்பிடி தடியா இருக்கணும்."

தாலுகா ஆபீசில் தலை நரைத்தவனுக்கு விதியை மீறத் தெரியாது. விதிக்குள் வழி கண்டுபிடிக்கத் தெரியும். பழைய ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றின் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றித் தடியாக்கினேன். (ஓய்வு பெறும்போது ஸ்டாம்புகளை ஒப்படைக்க வேண்டும். அந்தச் சுற்றறிக்கையை அனுப்பியதே நான்தான்.) அடியில் ஸ்பாஞ்ச் ஒட்டினேன். மஞ்சளும் குங்குமமும் கரைத்த கிண்ணத்தில் ஒரு தோய்ப்பு, படியில் ஒரு குத்து.

துணைக்கு வந்த சகலை, இம்முறையும் விரலால் வைத்துக்கொண்டு ஏறினார். நான் அவரை முந்தினேன்.

"இன்னா சகல, படிக்கட்டுல ஆபீசு தொறந்துட்டியா?"

கை படியில் குத்திக்கொண்டிருந்தாலும், அவரை எத்தனை படி பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன் என்றே கண் அளந்துகொண்டிருந்தது. ஸ்பாஞ்ச் எங்கோ கழன்று விழுந்ததை அது பார்க்கவில்லை.

பின்னால் வந்த தெலுங்கு அம்மாள் ஒருத்தி நின்று, படியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ட்ரூ காப்பி அன்டே ஏமண்டி?" என்று அர்த்தம் கேட்டாள். நகல்களுக்குச் சான்றளிக்கக் குத்தும் ஸ்டாம்ப் அது.

சகலை படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கரெக்டாத்தான் குத்திக்கினு வந்துகிற சகல! ஒரிஜினல் வேண்டுதல் என்னுது. நீ நகல் எடுத்துக்கினு போற!"

எங்களோடு புறப்பட்டு, முழங்கால் வலியோடு பின்னால் மெல்ல ஏறி வந்த மனைவியும் சிரித்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கோயில் தொண்டர் ஒருவர் ஈரத்துணியைக் கொடுத்து எழுத்தையெல்லாம் துடைக்கச் சொன்னார். இறங்கி இறங்கித் துடைத்தேன். துணியைப் பிழியத்தான் முடியவில்லை. சகலை வாங்கிப் பிழிந்து கொடுத்தார். ஒரு சொட்டு மிச்சமில்லை. என்ன விரல்கள்!

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது பக்கத்து வீட்டு மிக்சியைப் போலவே ஒன்று வாங்கினால், "ட்ரூ காப்பி" என்று என்னைப் பார்ப்பார்கள்.

போன மாதம் சகலை போன் செய்தார். "சகல, எனக்கும் கட்டவெரல் மூட்டு வீங்கிக்கிது. தேய்மானமாம். இப்ப நான்தான் ஒன் ட்ரூ காப்பி."

எக்ஸ்ரேயை வாட்ஸப்பில் வரவழைத்து, என்னுடையதோடு வைத்து ஒப்பிட்டேன். அவருடையது வெறும் ஆரம்ப நிலை. இதிலும் என்னைவிட நன்றாக இருக்கிறார், பாவி.