கோடு வரைக்கும்

"நம்ம உடம்பு விவரமெல்லாம் எவன் கையிலயோ போய்ச் சேரும். இதெல்லாம் நமக்கு வேணாம் அக்கா," என்றார் அவர்.

போன் திரையில் அக்கா சிரித்தாள். "தும்மினாக்கூடக் குடும்பக் குரூப்ல போடுற ஆளு நீ. போன வாரம் உன் பல் எக்ஸ்ரேயை எல்லாருக்கும் அனுப்பினது யாரு?"

அது நல்ல எக்ஸ்ரே. பல் டாக்டரே பாராட்டியிருந்தார்.

அக்கா அனுப்பிய மூன்று வெள்ளைப் பெட்டிகள் சாப்பாட்டு மேசைமேல் இருந்தன. ஒவ்வொன்றிலும் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டியூப். அதில் கோடு வரைக்கும் எச்சிலைத் துப்பி அனுப்பிவிட்டால், நம் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள், யார் யாருக்கு என்ன உறவு என்று ஆறு வாரத்தில் சொல்லிவிடுவார்களாம். டி.என்.ஏ. சோதனை. அக்கா முதல் ஆளாகத் துப்பி அனுப்பியாயிற்று.

"நம்ம அப்பாவோட மூக்கு அப்படியே பாப்பாவுக்கு வந்திருக்கு. அந்த மூக்கு எங்கிருந்து கிளம்பி வந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்," என்றாள் அக்கா.

அவர் மகள் பாப்பா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவர் மனைவி எழுந்து, சற்று முன் துடைத்த மேசையை மறுபடியும் துடைத்தாள்.

பாப்பாவுக்கு இருபத்து மூன்று வயது. மூன்று மாதக் குழந்தையாக அவளை ஒரு காப்பகத்திலிருந்து இவர்கள் தத்தெடுத்து வந்தார்கள். அப்போது அவருக்கு வெளியூரில் வேலை. குழந்தையோடு ஊர் திரும்பியபோது சொந்தக்காரர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை. ஐந்து வயதில் அவளிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்கள். அப்போது அவளுக்கு அம்மை வந்தது. பத்து வயதில் சொல்லலாம் என்றால் பரீட்சை. பதினெட்டு வயதில் ஒரு நாள் உட்காரவைத்தார்கள். "என் பிடிவாதம் அப்படியே அப்பா பிடிவாதம்" என்று அவளே பெருமையாக ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு யாருக்கு வாய் வரும்?

பதிவு அலுவலகத்தில் அடையாளச் சான்றுகளைச் சரிபார்க்கும் மேசை அவருடையது. யார் எந்த நகலை நீட்டினாலும், "ஒரிஜினல் எங்கே?" என்பார். முப்பது வருடமாகக் கேட்டுக் கேட்டு, அலுவலகத்தில் அவருக்கு 'ஒரிஜினல் சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்படிப்பட்டவர், தன் வீட்டு ஒரிஜினல் ஒன்றை மட்டும் பழுப்பு உறையில் போட்டு, நூலால் இரட்டை முடிச்சிட்டு, பீரோவின் அடித்தட்டில் மறைத்து வைத்திருந்தார்.

அன்று மாலை உறையை எடுத்துப் பார்த்தார். தத்துப் பத்திரம் பத்திரமாக இருந்தது. முடிச்சுதான் ஒற்றையாக இருந்தது. மனைவி எடுத்துப் பார்த்திருப்பாள் என்று எண்ணி, மறுபடியும் இரட்டையாக்கி வைத்தார்.

"என்னங்க செய்யறது?" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"நீ கவலைப்படாதே. நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கிட்டா எனக்குக் கவலை ஜாஸ்தியாகுதே."

பெட்டியில் இருந்த குறிப்பில் அவருக்கு ஒரு வழி தெரிந்தது. துப்புவதற்கு அரை மணி நேரம் முன்பு எதுவும் சாப்பிடக் கூடாது. எனவே அவர் ஓயாமல் சாப்பிட்டார். பிஸ்கட், நிலக்கடலை, மறுபடியும் பிஸ்கட்.

"என்னடா, துப்பிட்டியா?" என்று அக்கா தினமும் கேட்பாள்.

"இப்பத்தான் ஒரு வாய் போட்டேன் அக்கா. ரூல்ஸை மீறக் கூடாது பாரு."

நான்காம் நாள் வயிறு கலகலத்துவிட்டது. மனைவி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நாள் முழுக்கக் கொறிச்சிக்கிட்டே இருந்தீங்களா? எதுக்கு?" என்றார் டாக்டர்.

"அறிவியலுக்காக, டாக்டர்."

டாக்டர் சீட்டை எடுத்து, ஒரு நாள் முழுக்க வெறும் தண்ணீரைத் தவிர எதுவும் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

விஷயம் அக்காவுக்கு எட்டியதும் அவள் துள்ளினாள். "நல்லதாப் போச்சு! வாய் காலியா இருக்கு. இன்னிக்கே துப்பு!"

பட்டினியில் மூளை கூர்மையாகும் என்பது அன்று அவர் விஷயத்தில் மெய்யானது. வேறு யாருடைய எச்சிலாவது தன் பேரில் போனால்? 'நீ உன் அக்காவுக்கே தம்பி இல்லை' என்று முடிவு வரும். சோதனையே பொய் என்று அக்கா ஊரைக் கூட்டுவாள். பிறகு அந்தச் சோதனை பாப்பாவைப் பற்றி என்ன சொன்னால்தான் யார் நம்பப் போகிறார்கள்?

டியூபைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

கட்டடத்தின் வாசலில் வாட்ச்மேனின் சின்ன அறை. எல்லா வீட்டு உபரிச் சாவியும் அங்கே ஆணிகளில் தொங்கும். எந்த வீட்டுக் கதையும் அங்கிருந்து வெளியே போகாது. வாட்ச்மேன் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு உதவி. இந்த டியூப்ல நீங்க கொஞ்சம் துப்பித் தரணும்." அவருக்குக் காது சூடாகியது. "என் பேர்ல சோதனைக்குப் போகும். உங்களுக்கு இஷ்டமில்லைன்னா வேணாம், நான் தப்பா நினைக்க மாட்டேன்."

வாட்ச்மேன் டியூபைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "எதுக்கு சார்?"

"என் பொண்ணு மனசு நோகக் கூடாது. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

வாட்ச்மேன் மெல்லத் தலையாட்டினார். "இப்பத்தான் டீ குடிச்சேன். அரை மணி நேரம் கழிச்சு வாங்க சார்."

அடடா, இவருக்கு எவ்வளவு விவரம் என்று வியந்தபடி அவர் அரை மணி நேரம் தோட்டத்தைச் சுற்றினார். திரும்பி வந்தபோது டியூப் தயாராக இருந்தது. வாட்ச்மேன் அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"கோடு சரியா இருக்கா பாருங்க. நுரையைக் கணக்குல சேக்கக் கூடாது. இந்த வாரம் வாய் என்னமோ ரொம்ப வறண்டு போகுது சார், இல்லைன்னா அப்பவே குடுத்திருப்பேன்."

"வீட்ல யாருக்கும் தெரியக் கூடாது ஐயா."

"தெரியாது சார்," என்று வாட்ச்மேன் பெருமூச்சு விட்டார். "யாருக்குமே தெரியாது."

'இது என்னுடைய எச்சில்தான் என உறுதி கூறுகிறேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. முப்பது வருடமாகப் பொய்க் கையெழுத்தைப் பிடித்தவர் அவர். கண்ணை மூடி, "கடவுளே, இந்த ஒரு தடவை பார்க்காத மாதிரி இரு" என்று வேண்டிக்கொண்டு போட்டார்.

"குடுங்கப்பா, மூணையும் நானே போஸ்ட் பண்ணிடறேன்," என்று பாப்பா வாங்கிக்கொண்டு போனாள்.

தெருமுனையில் அவள் மறைந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மனைவியின் டியூப்! பாப்பா அம்மாவுக்கும் பெண் இல்லை என்று வந்து, அதை மட்டும் அக்கா நம்பிவிட்டால்? ஒரு ஓட்டையை அடைக்கப் போய், பெரிய ஓட்டையைத் திறந்தே விட்டிருந்தார். மனைவியிடம் சொன்னால் பயந்துவிடுவாள். சொல்லாமல் தானே பயந்தார்.

அந்த நாட்களில் ஒருவர் தன் தம்பியின் அடையாள அட்டையோடு அலுவலகத்தில் வந்து நின்றார். மற்ற நாளாயிருந்தால் கட்டடமே அதிரும். ஒரிஜினல் சார் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "ஏதோ ஒரு காரணம் இருக்கும். சொந்த அட்டையை எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க," என்றார். பக்கத்து மேசைக்காரர் அவருக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்.

முடிவு வருமுன் தானே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்.

"பாப்பா, உக்காரு."

"சொல்லுங்கப்பா."

அவர் அண்ணாந்து பார்த்தார். "இந்த ஃபேன் சத்தம் போடுது இல்ல?"

அவள் ஏணி போட்டு ஏறி ஃபேனைச் சரிசெய்தாள். மறுநாள் மறுபடியும் உட்காரவைத்தார். அன்று கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டாள். மூன்றாம் நாள் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றினாள்.

"வேற ஏதாவது ரிப்பேரா இருந்தாலும் மெதுவா சொல்லுங்கப்பா," என்று கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நான் எங்கேயும் போகல."

ஆறாவது வாரம், ஒரு விடுமுறை நாள் காலை, அக்கா கூப்பிட்டாள். மூவரும் திரைக்கு முன் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அது ஏற்கெனவே பாப்பாவின் கையைப் பிடித்திருந்தது.

"டேய்! நீ எனக்குத் தம்பியே இல்லையாம்டா!"

"அப்படியா?" என்று அவர் முடிந்தவரை அதிர்ச்சி காட்டினார்.

"அதை விடு. நீ, உன் பொண்டாட்டி, பாப்பா, மூணு பேரும் ஒரே ஆளாம்! மூணு டியூப்லயும் ஒரே மனுஷனாம். அதுவும் ஆம்பிளையாம்!"

மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "சோதனையே தப்பு!"

"அதானே! இருங்க, அந்தக் கம்பெனிக்காரனை ஒரு வழி பண்ணிட்டு வரேன்," என்று அக்கா போனை வைத்தாள்.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாப்பா இருவர் தோளிலும் கை போட்டு இறுக்கினாள். அவருக்கு ஆறு வாரப் பாரம் ஒரே நொடியில் இறங்கியது. சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர், அந்தச் சந்தோஷத்தில் எதையுமே சரிபார்க்கவில்லை.

"நான் அப்பவே நினைச்சேன், அது உருப்படாத சோதனைன்னு," என்றாள் மனைவி.

"ஆமாம்மா, சுத்தப் பொய்," என்றாள் பாப்பா.

"எச்சிலை அரைகுறையா நிரப்பினா இப்படித்தான் கன்னாபின்னான்னு வரும்," என்று அவரும் தன் பங்குக்கு முழங்கினார்.

திறந்திருந்த வாசலில், மேல்வீட்டுக்கு வந்த பார்சலோடு போய்க்கொண்டிருந்த வாட்ச்மேன் நின்றுவிட்டார். அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"என்ன சார், அரைகுறைன்னு சொல்லிட்டீங்க? மூணு டியூபையும் அரை மணி நேரம் டீ கூடக் குடிக்காம இருந்து, கோடு வரைக்கும் நிரப்பிக் குடுத்தவன் நான்! பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னு முதல்ல அம்மா, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மனசு நோகக் கூடாதுன்னு அப்புறம் பாப்பா, கடைசியா நீங்கன்னு, மூணு பேரும் தனித்தனியா வந்து ஒரே வார்த்தையத்தானே சொன்னீங்க. ஒரே ஆளுன்னு வராம வேற எப்படி சார் வரும்?"