மூச்சு முட்டிய கெர்னல்

லேப் சர்வர் மறுபடியும் திணறியது. திண்டுக்கல்லை ஒட்டிய அந்த இன்ஜினியரிங் கல்லூரியில் மாணவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரே மெஷினில்தான் வேலை பார்த்தார்கள். எல்லாத் திரைகளும் கொஞ்சம் உறைந்து, பிறகு ஓட ஆரம்பித்தன. லேப் பொறுப்பாளரான பேராசிரியர் அன்புமணிக்கு அந்தக் கொஞ்ச நேரமும் பொறுக்கவில்லை.

கோளாறு என்னவென்று அவருக்குத் தெரியும். யார் எந்த ஃபைலைத் திறந்தாலும், மெஷினை உள்ளிருந்து நடத்தும் கெர்னல் அதற்காகத் தன் மெமரியில் இடம் ஒதுக்கும். ஒரே ஆள் கணக்கில்லாமல் திறந்து வைத்தால் கெர்னலுக்கே இடமில்லாமல் போய், மெஷின் எல்லோருக்கும் சேர்த்துப் படுத்துவிடும். அந்த ஆள் யார்? திணறும்போதெல்லாம் திரையில் முன்னால் நின்றது இறுதியாண்டு நாகஜோதியின் பெயர்.

கூப்பிட்டு விட்டார்.

"ஏம்மா, அம்புட்டு மெமரியையும் நீ ஒருத்தியே தின்னா மத்த பிள்ளைக எங்க போகும்?"

"நான் திங்கல சார். அது என் ப்ராஜெக்ட்டு, நீங்க..."

"எல்லாரும் ப்ராஜெக்ட்டுதான் பண்றாக. உன் லாகினை நிப்பாட்டிட்டேன்."

"வெள்ளிக்கிழமை வைவா சார். பாஸானாத்தான் வேலைக்கு ஆர்டர் குடுப்பாக."

"போம்மா."

அவள் போனாள். மறுநாள் சர்வர் திணறவில்லை, ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

அன்புமணி ஆளுக்கு இவ்வளவு மெமரிதான் என்று அளவு போட்டார். சர்வர் அன்றைக்கு இரண்டு முறை படுத்தது.

"ஆண்டிச்சாமி, சிவபிரகாஷ்னு ஒருத்தன் உள்ள இருக்கானே, யாருய்யா அவன்?"

லேப் அட்டெண்டர் ஆண்டிச்சாமி எட்டிப் பார்த்தார். "அவன் போன வருசமே பாஸாகி துபாய்க்குப் போயிட்டான் சார். நம்ம பயலுக அவன் லாகின்ல பூந்துருக்காய்ங்க. ஆளுக்கு ரெண்டு பங்கு மெமரி கெடைக்குதுல்ல?"

பழைய லாகின்களை எல்லாம் ஒழித்துவிட்டு, ஒரு நேரத்தில் பாதிப் பேர்தான் உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டார். நத்தம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற ஊர் அல்லவா? பிள்ளைகள் காலையிலேயே வந்து உள்ளே நுழைந்து, வெற்று ஃபைல்களைத் திறந்து இடம் பிடித்துவிட்டு கேண்டீனுக்குப் போனார்கள். சும்மா இருப்பவர்களை வெளியே தள்ள ஏற்பாடு செய்தார். உடனே, சும்மா இல்லை என்று காட்ட ஆளாளுக்கு ஒரு வெட்டி புரோகிராமை ஓடவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை சர்வர் எழுந்திருக்கவே இல்லை.

வைவாவுக்கு மதுரையிலிருந்து வந்த ஆண்டனிராஜ் சார், லேப்பில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் விசாரித்தார். மற்றவர்கள் வீட்டு லேப்டாப்பில் எதையாவது காட்டித் தப்பித்தார்கள். நாகஜோதியிடம் லேப்டாப் இல்லை.

"என்ன ப்ராஜெக்ட்மா?"

"ஒரே ஆளு கெர்னல் மெமரிய முழுங்கி சர்வரச் சாய்க்காமத் தடுக்குறது சார். யாராச்சும் அளவுக்கு மீறுனா, என் புரோகிராம் கண்டுபிடிச்சு அந்த ஃபைலுகள மூடிரும். அப்ப லேசாத் திணறும், திரையில எம் பேரு முன்னால வரும், பெறகு ஓடும். இந்த சர்வர்லதான் சார் ஓட்டிக்கிட்டிருந்தேன். இப்ப லாகினும் இல்ல, சர்வரும் இல்ல."

"காட்டாம எப்படிம்மா மார்க் போடுறது? அடுத்த தடவை பாப்போம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரையும் குறை சொல்லாமல் வெளியேறினாள். கேட்டுக்கொண்டிருந்த அன்புமணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு நிமிடம் அவளைப் பேச விட்டிருந்தால் சர்வரும் பிழைத்திருக்கும், பிள்ளையின் வேலையும் பிழைத்திருக்கும். அந்தக் குற்ற உணர்ச்சியை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

"இம்புட்டு அருமையான ப்ராஜெக்ட்டு! அவ கைடு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்க வேணாமா? படிச்சுப் பாக்காமக் கையெழுத்தப் போட்டுட்டு எங்கய்யா தூங்குனான் அந்த ஆளு? யாரு அவளுக்குக் கைடு?"

டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி தலையைத் தூக்காமலே சொன்னார்:

"நீங்கதான் சார்."