சாயம் போன வெள்ளி ரூபாய்

முருகன் துணை
வண்டன்மேடு

என் மனைவியின் ஒரே தம்பியும், ஆன்லைன் வியாபாரத்தைக் கரைத்துக் குடித்தவனுமான மாப்பிள்ளை அருண்பாண்டிக்கு, மச்சான் சின்னமுத்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்கா சின்னத்தாயும் மகள் ஆர்த்தியும் சுகம். என் ரத்த அழுத்தம் மட்டும் சுகமில்லை. கொல்லங்கோட்டில் நீயும் உன் மாங்காய் மண்டியும் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன் செய்தால் "சிக்னல் இல்ல மச்சான்" என்று வைத்துவிடுகிறாய். தபால்காரருக்குச் சிக்னல் தேவையில்லை என்பதால் கடிதம்.

விஷயம் அந்த 1939-ம் வருஷத்து வெள்ளி ரூபாய். ஆர்த்திக்கு வரப்போகிற மாமனார் சுருளிவேல் பழைய நாணயம் சேர்க்கிறவர். அவருடைய ஆல்பத்தில் அந்த ஒரு வருஷத்து இடம் மட்டும் காலியாக இருக்கிறதென்று பெண் பார்க்க வந்த அன்றைக்குச் சொன்னார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், நிச்சயதார்த்தத் தட்டில் வெற்றிலை பாக்கோடு அதையும் வைக்கிறேன் என்று சபையில் சொல்லிவிட்டேன். நீ உடனே போனைத் தடவி, "ஒரிஜினல் பீஸ் மச்சான், கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றாய். அப்படித்தான் வாங்கினோம். கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்தை வாசனையிலேயே பிடிக்கிற உன் மூக்கு, அந்தப் போன் முன்னால் மட்டும் ஏன் அடைத்துக்கொண்டது என்று தெரியவில்லை.

பார்சல் வந்தது. பத்துச் சுற்று டேப்பைப் பிரித்தால் நடுவில் கரிக்கட்டி மாதிரி ஒரு காசு. கூடவே, நூறு சதவீதம் அசல் என்று ஒரு சான்றிதழ். கையெழுத்துப் போட்டிருப்பது யார் என்று பார்த்தால், விற்றவனேதான். வேலிக்கு ஓணான் சாட்சி. நகைக்கடையில் எடை போட்டேன், அந்தக் காலத்து வெள்ளி ரூபாய்க்கு உரிய எடை, சரியாக ஒரு தோலா. காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. "நம்ம சாப்பாட்டுத் தட்டுலகூடத்தான் காந்தம் ஒட்டாது" என்றாள் உன் அக்கா. உன் குடும்பத்தில் ஒருத்திக்காவது அறிவு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு நானே களத்தில் இறங்கினேன். நாற்பது வருஷம் ஏலக்காய் தரம் பார்த்தவன் நான். பச்சைச் சாயம் ஏற்றிய காயை ஈர வெள்ளைத்துணியில் நாலு தேய்ப்புத் தேய்த்தால் துணி உண்மையைச் சொல்லிவிடும். இந்தக் கைக்குப் பயந்து செக்போஸ்ட் தாண்டி ஓடிய வியாபாரிகள் உண்டு. காசையும் அப்படியே தேய்த்தேன், துணி கறுத்தது. சாயம் மாப்ளே, அப்பட்டமான கறுப்புச் சாயம். விடுவேனா? புளியும் சாம்பலும் போட்டு, உன் அக்கா குத்துவிளக்குத் தேய்க்கிற நாரால் ஒரு மணி நேரம் தேய்த்தேன். காசிலிருந்த வெள்ளைக்கார ராஜாவின் தலை சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி வெளுத்துப்போயிற்று. எண்பது வருஷத்துக்கு மேலான சாமான் இப்படிப் பளபளக்குமா? நேற்று அடித்த போலி என்று தீர்ப்புச் சொல்லி, ஏலக்காய் ஏலம் நடக்கிற இடத்துக்கே கொண்டுபோய் நாலு பேருக்குக் காட்டிவிட்டும் வந்தேன்.

ஏழு நாளுக்குள் திருப்பலாம் என்று போட்டிருந்ததே என்று கஸ்டமர் கேருக்குப் பேசினேன். அந்தப் பெண் என் சிரமத்துக்குப் பதினொரு தடவை வருந்தினாள், எண்ணிக்கொண்டே இருந்தேன். போட்டோ கேட்டாள், அனுப்பினேன். வந்த பதிலைக் கேள். அவர்கள் அனுப்பியது கறுப்பு நாணயமாம், நான் காட்டுவது வெள்ளை நாணயமாம், வேறு பொருளை மாற்றி வைத்துத் திருப்ப முயல்வது குற்றமாம். நாற்பது வருஷத்தில் ஒருத்தன் என்னை ஃப்ராடு என்று சொன்னதில்லை மாப்ளே. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே, வருகிற 24-ம் தேதி நிச்சயதார்த்தத்துக்கு நீ மாங்காய்க் கூடையோடு வராதே, நல்ல ரூபாயோடு வா. இல்லாவிட்டால் சம்பந்தி முன்னால் உன்னைத்தான் கைகாட்டுவேன். அவர் முன்னால் யாராவது தலைகுனிந்துதான் ஆக வேண்டுமென்றால், அது ஆர்த்தியாக இருக்கக்கூடாது. எனக்கு அந்த ஒரு பயம்தான்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உனக்கு ஆண்டவன் நல்ல புத்தி கொடுக்கட்டும். ஆன்லைனில் கிடைத்தால் அதையும் ஒன்று வாங்கிப்போடு.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்
சின்னமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கட்டப்பனை ஜோமோன் வந்தான், பழைய காசு வாங்கி விற்கிறவன். லென்ஸ் வைத்து வருஷத்தைப் பார்த்தான், விளிம்பைப் பார்த்தான், கடைசியில் என் கையைப் பார்த்தான். "சேட்டா, சாதனம், அதான் இந்தக் காசு, ஒரிஜினல். நீங்கதான் கழுவிக் கொன்னுட்டீங்க" என்றான். அந்தக் கறுப்பு எண்பது வருஷமாகத் தானாக ஏறியதாம். சேர்க்கிறவர்கள் அதற்குத்தான் உயிரை விடுவார்களாம், புளி போட்டுத் தேய்த்த காசைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்களாம். எனவே மேலே உன்னைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. அவித்த முட்டையோடு டப்பாவில் போட்டு மூடினால் வெள்ளி மறுபடி கறுக்கும் என்றும், ஆனால் விஷயம் தெரிந்த கண் கண்டுபிடித்துவிடும் என்றும் சொல்லிவிட்டுப் போனான். நாற்பது வருஷம் சாயம் ஏற்றியவனைப் பிடித்தவன் வீட்டு அடுப்பில் இப்போது ஆறு முட்டை வெந்துகொண்டிருக்கிறது. நீ 24-ம் தேதி காலையிலேயே வந்துவிடு. சபையில் சம்பந்தி கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு ஈர வெள்ளைத்துணிகூட இல்லாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு.