மணலை நம்பி ஊன்றிய பந்தக்கால்

ஒரு பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களை, அந்தச் சூடு ஆறும்வரை சொந்தக்காரர்களோடு பேச விடக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து. பேச விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் அக்கா வள்ளியின் கல்யாணமே சாட்சி.

அப்போது நான் விவசாயக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மண்ணியல் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் பூந்தொட்டியைக்கூடச் சும்மா விடமாட்டேன். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலிடையில் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "ம்ம்... வண்டல் கலந்திருக்கு" என்பேன். (அம்மா காப்பித்தூள் சக்கையைக் கொட்டி வைத்த தொட்டி அது.)

அக்காவுக்கு ஐப்பசிக் கடைசியில் முகூர்த்தம் குறித்தார்கள். காரைக்குடியில் மண்டபம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீடு தேவகோட்டைப் பக்கம். "அப்ப எங்க ஊர்லயே வச்சுக்கிருவோம் அண்ணே" என்று மாப்பிள்ளையின் அத்தை எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு மனசு வரவில்லை. மூத்த மகளைத் தன் ஊரில், தன் பந்தலில் வைத்துத் தாரை வார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன்.

பிள்ளையார்பட்டி போகிற சாலையோரம் எங்களுக்கு ஒரு பொட்டல் உண்டு. அங்கே பந்தல் போடலாம் என்றேன்.

"ஐப்பசி மழை பேஞ்சா என்னத்தா பண்றது?" என்றார் அப்பா.

"அது மணல் நிலம்ப்பா. எம்புட்டுப் பேஞ்சாலும் தண்ணி நிக்காது."

சொன்னதோடு விட்டேனா? சித்திரை வெயிலில் அப்பாவைப் பொட்டலுக்குக் கூட்டிப்போய், ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்துக் காட்டினேன். கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போனது. "படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதேன்" என்று அப்பா நெகிழ்ந்தார். (சித்திரையில் எங்கள் ஊரில் சிமெண்டுத் தரையில் ஊற்றினாலும் தண்ணீர் காணாமல்தான் போகும். அது அப்போது தோன்றவில்லை.)

பாவம், அந்த நிலம் தன் குணத்தை மறைக்கவே இல்லை. ஓரமெல்லாம் கோரை முளைத்திருந்தது. ஒரு சாண் தோண்டியிருந்தால் மண் சாம்பல் நிறத்தில், துருப்பிடித்த ஆணியைப் போட்டு எடுத்ததுபோல் செம்புள்ளிகளோடு இருப்பது தெரிந்திருக்கும். தண்ணீர் வடியாத மண்ணுக்கு இவைதான் அடையாளம் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவளும் நான்தான். ஆனால் அது பாடத்தில் வருகிற மண். இது எங்கள் பொட்டல். இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று யார் கண்டது? மாப்பிள்ளையைப் பற்றி ஊர் ஊராகப் போய் விசாரித்த எங்கள் குடும்பம், நிலத்தைப் பற்றி என்னிடம் மட்டும் விசாரித்தது.

பந்தக்கால் ஊன்றும் நாள் வந்தது. அதற்கு முன்னால் ஒரு வாரம் நல்ல மழை. பிறகு வெயில் அடித்து, மேல் மணல் வெள்ளைவெளேரென்று காய்ந்து கிடந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அந்த மணலை நானே செய்ததுபோல் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன். இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாப்பிள்ளையின் அப்பாவும் அத்தையும் காரில் வந்தார்கள். சாலையிலேயே நிறுத்தப் போனவரை நான் விடவில்லை.

"இங்குட்டு வாங்க மாமா. நல்லா உள்ள வாங்க. பயப்படாதீக."

அத்தை இறங்கியதும் செருப்பால் மணலைச் சீண்டிப் பார்த்தார். "ஏத்தா, இம்புட்டு மழை பேஞ்ச தண்ணியெல்லாம் எங்க போச்சு?"

"கீழ இறங்கிருச்சுங்கத்தை."

"கீழன்னா, எங்க?"

நல்ல கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "கீழதான்" என்று அழுத்திச் சொன்னேன்.

சித்தப்பா கடப்பாரையால் குழி தோண்டினார். முழங்கால் ஆழம் போனதும் 'ணங்' என்றது. மணற்பாறை. வாளி வாளியாக, வானம் வானமாக இறங்கிய தண்ணீரெல்லாம் மணலைக் கடந்து அந்தப் பாறைமேல்தான் போக்கிடம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. தட்டில் மணலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிய கதைதான். குழியின் நாலு பக்கமும் ஊறி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதிக்குமேல் நிரம்பியது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது தற்காலிகம்" என்றேன்.

நல்ல நேரம் முடியப் போகிறது என்று அம்மா பதறினார். சுமங்கலிகள் குழியில் பால் ஊற்றினார்கள். அது உள்ளே போகாமல் வெள்ளையாகத் தளும்பியது. நவதானியத்தைப் போட்டால், பாதி மிதந்தது.

"முந்திரியையும் போட்டீகன்னா இப்பவே பரிமாறிரலாம்" என்றார் அத்தை.

பந்தக்காலை நட்டு, மணலைத் தள்ளி மிதித்தார்கள். தள்ளிய மணல் கூழாகிப் போனது. சுமங்கலிகள் கையை எடுத்தார்கள். கால் மெல்லச் சாய்ந்தது. ஓடிப்போய்ப் பிடித்தார்கள். நிமிர்ந்தது. விட்டார்கள். மறுபடியும் அதே பக்கம் சாய்ந்தது. கடைசியில் கையை விடவும் முடியாமல், புடவைத் தலைப்பைச் சரி செய்யவும் முடியாமல், கம்பத்தைக் கட்டிக்கொண்டே நின்றார்கள். போட்டோக்காரர் மட்டும் அழகாக எடுத்துத் தள்ளினார்.

"பந்தக்கால் சாயிறது நல்லதுக்கில்லையே" என்று யாரோ முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கையைப் பிசைந்துகொண்டு சம்பந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் குழிக்குள் இறங்கி ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. (இறங்கினாலும் முழங்கால்வரைதான். கீழே பாறை.)

அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்தாள். கம்பம் சாய்ந்த திசையைப் பார்த்தாள். அந்தத் திசையில் மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள்.

"மாமா, அது சாயலை. சம்பந்தகாரக வந்திருக்கீகன்னு குனிஞ்சு கும்புடுது. எங்க வீட்டுல மரத்துக்குக்கூட மருவாதி தெரியும். என் தங்கச்சிக்குத்தேன் ஒண்ணும் தெரியாது."

அத்தைதான் முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கம்பு எங்குட்டும் சாஞ்சுட்டுப் போகுது. எங்களுக்கு வர்ற பொண்ணு நிமிந்து நிக்கிது, அது போதும்" என்றார். மாமாவும் சிரித்துவிட்டார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வையைத்தான் துடைத்தார் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. கிளம்பலாம் என்று பார்த்தால், நான் ஆசையாக உள்ளே அழைத்த கார் பாதிச் சக்கரம்வரை இறங்கிப் போயிருந்தது. டிராக்டர் வந்து இழுக்கும்வரை அத்தை சாலையோரம் நின்றார். கிளம்பும்போது அப்பாவிடம், "அண்ணே, உங்க ஊர்லயே, உங்க பந்தல்லயே நடக்கட்டும். ஆனா இந்தப் பொட்டல் வேணாம். வீட்டு வாசல்ல தெருவை அடைச்சுப் போட்டிருங்க" என்றார்.

அப்படியே நடந்தது. பந்தக்காலை வீட்டு கேட்டோடு சேர்த்துக் கட்டினார்கள். முகூர்த்தத்தன்று வந்து இறங்கிய அத்தை, தார் ரோட்டைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏத்தா, தோண்டிப் பாத்தியா?"

அன்று பிடித்தது என்னை அந்தக் கேள்வி. இப்போது நான் மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். (ஊர்க்காரர்கள் என்னிடம் மண்ணைக் கொடுத்து அறிக்கை வாங்கிப் போகிறார்கள். வீட்டார் மட்டும் ஒரு பிடி மண்கூடத் தருவதில்லை.) தர்பூசணி இனிக்கும் என்றால் "தோண்டிப் பாத்தியா?" பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர் என்றால் "தோண்டிப் பாத்தியா?" அக்காவின் பிள்ளைகள்வரை கேட்கிறார்கள்.

போன மாதம் எனக்கு வேலை மாற்றல் வந்தது. புது ஊர், தனி வீடு. முதல் வாரமே அக்கா போனில் கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள்.

"நல்லா இருக்கேன்க்கா."

"அது மேல் மணலு. தோண்டிப் பாக்கவா?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. எங்கள் பொட்டலைப்போலத்தான், ஒரு சாண்கூடத் தோண்டவில்லை, ஊறத் தொடங்கிவிட்டது. நான் மூக்கை உறிஞ்சி முடிக்கும்வரை அக்கா காத்திருந்தாள்.

"சரி சரி," என்றாள். "சாயிறதுன்னா இங்குட்டுச் சாயி."