ஆறாவது ஆள்

"முன்னால செலவழிச்சா பின்னால மிச்சம்."

உடையப்பன் தம் வாழ்நாளில் பெருமையாகச் சொல்லிக்கொண்ட வாக்கியம் இது ஒன்றுதான். அதுவும் வீட்டுக்குள்.

வெளியில் வாய் திறக்காத மனிதர். தோட்டத்தில் ரப்பர் பால் நிறுத்த கை. ஓர் அவுன்ஸ் தப்பாது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஈப்போவுக்கு வந்து, இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அங்கேயே குனோங் ராபாட்டில் வரிசை வீடு. மனைவி நல்லம்மாள். பிள்ளைகள் இரண்டு.

எழுபத்தெட்டாம் வருஷப் பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு போகவேண்டும் என்றாள் நல்லம்மாள். உடையப்பன் பஸ், பெர்ரி, டாக்சி, சாப்பாடு என்று கூட்டிப் பார்த்தார். தலை சுற்றியது.

"வருசா வருசம் பஸ்காரனுக்கு அழுவானேன்? ஒரு கெரெத்தா வாங்கிட்டா, இனி சாகுற வரைக்கும் டிக்கெட்டே எடுக்க வேண்டாம்!"

பழைய மோரிஸ் மைனர் கார் வந்தது. சேமிப்பு போனது.

அடுத்து ஓட்டுநர் பரீட்சை. மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். உடையப்பன் நிறுத்தினார். வண்டி பின்னால் போனது. மூன்று தடவை போனார். மூன்று தடவையும் வண்டி பின்னால்தான் போனது.

"லெசென் இல்லாட்டி என்ன? சிலிம் ரிவர்ல எந்தம்பி மாயாண்டி லோரி ஓட்டுறான்ல, அவன் வந்து ஓட்டட்டும். சம்பளமா கேக்கப் போறான்?" என்றாள் நல்லம்மாள்.

சம்பளம் இல்லை என்றதும் உடையப்பன் தலையாட்டினார். உண்மையில் அவருக்கு ஓட்டுகிற ஆசையே இல்லை. வேலை விட்டு வந்ததும், நிற்கிற காரின் முன் சீட்டில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு உட்காருவார். கையை ஜன்னலுக்கு வெளியே வைத்துப் பார்ப்பார். ஐம்பத்திரண்டு வயதுவரை காரின் முன் சீட்டில் அவர் உட்கார்ந்ததில்லை. காரோடு பெர்ரியில் ஏறி, இப்படியே கை வைத்துக்கொண்டு கடலைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"ஏங்க, சாமானெல்லாம் எங்க வைக்கிறது?" என்றாள் நல்லம்மாள் ஒருநாள். "அரிசி, அடுப்பு, ஐஸ் பெட்டி... கூரை மேல கேரியர் போட்டா உள்ள தாராளமா இருக்கும்லா."

"அதுக்கு வேற காசா?"

"ஆனைய வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுவாங்களா? முன்னால செலவழிச்சா..."

தம் வாக்கியத்தையே அவர் எப்படி மறுப்பார்? கேரியர் ஏறியது. உள்ளே தாராளமானது. தாராளமான இடத்தைப் பார்த்ததும் உடையப்பனுக்கு மாமியார் ஞாபகம் வந்தது. கருப்பம்மாள் பத்து வருஷமாகப் பினாங்கு, பினாங்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் ஏறினால் வழியெல்லாம் வெற்றிலை, துப்புவதற்கு ஜன்னலோரம்.

இரவெல்லாம் யோசித்துக் காலையில் சட்டம் போட்டார்.

"இந்தா புள்ள, அஞ்சு பேருதான். ஆறாவது ஆள் ஏறுனா போலீஸ் சமன் குடுத்து அபராதம் போட்டுருவான். யாரு அழுதாலும் ஏத்தக் கூடாது. சொல்லிட்டேன்."

"யாரு அழுதாலும் ஏத்தக் கூடாதா?"

"ஏத்தவே கூடாது."

"சரிங்க."

மாயாண்டி, தாம், நல்லம்மாள், பிள்ளைகள். ஐந்து. மாமியாருக்கு இடமில்லை; தாமும் கெட்டவராகவில்லை, போலீஸ்காரன்தான் கெட்டவன். உடையப்பன் கண்ணாடி முன் நின்று சிரித்துக்கொண்டார்.

புறப்படுகிற காலை மாயாண்டி வந்தான். பின்னால், புதுச்சேலையில், கருப்பம்மாள்.

"சொகமா மாப்பிள்ள? நீங்க கார் வாங்கப் போறீங்கன்னு தீவாளிக்கே நல்லம்மா சொல்லிட்டாளே! அப்பவே பைய கட்டி வச்சிட்டேன்."

உடையப்பனுக்குக் கார் வாங்கும் எண்ணம் உதித்ததே பொங்கல் கழிந்துதான். அவர் அதை யோசித்து முடிப்பதற்குள் மாமியார் முன் கதவைத் திறந்து, துடைத்து வைத்திருந்த சீட்டில் உட்கார்ந்து, கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டார்.

"நல்லம்மா! ஆறு பேரு ஆவுதே!"

"ஆமாங்க. ஆறாவது ஆள் ஏறுனா சமன்."

"அதத்தான் சொல்றேன்!"

"நீங்க சொன்னத நான் தட்டுவேனா? யார எறக்கலாம், சொல்லுங்க. மாயாண்டிய எறக்குனா வண்டிய நீங்க ஓட்டுவீங்களா?"

"மச்சான் ஓட்டுனா வண்டி பினாங்குக்குப் போகாது, பின்னாலயே எங்க சிலிம் ரிவருக்கு வந்துரும்லா!" என்றான் மாயாண்டி.

"அம்மாவ எறக்குறீங்களா? நீங்களே சொல்லி எறக்குங்க."

உடையப்பன் மாமியாரைப் பார்த்தார். மாமியார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"புள்ளைங்கள எறக்க முடியாது. வழியில அதுங்க வாந்தி எடுத்தா அள்ள நான் வேணும். மிச்சம் யாரு?"

நல்லம்மாள் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பெர்ரி ஏறுற பட்டர்வொர்த்து வரைக்கும் பஸ். விடுமுறைக் கூட்டம்லா, அதான் போன பொதங்கெழமையே வாங்கிட்டேன். முன்னால செலவழிச்சா பின்னால மிச்சம்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் டிக்கெட்டைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே தொங்கிய வளையல் கையைப் பார்த்தார்.

"திரும்பி வரப்பயாச்சும்... அந்த முன் சீட்டுல..."

"அதுக்கும் சேத்துதான் டிக்கெட் எடுத்திருக்கேங்க. போகவர வாங்குனா மலிவு."